மூடுவதும் முடங்குவதும்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் தள்ளுவண்டிப் பழக்கடைகளில், கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சின்ன ஈக்களைக் கையால் விரட்டாதவர்கள் இருக்க முடியாது. மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கும் உடம்பு, சிவந்த கண். இதே பழ ஈயை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பவர்கள், அதைப் புரட்டிப் பார்ப்பதற்காக முன்பெல்லாம் ஈதர் ஆவியைக் காட்டி மயக்குவார்கள். மயங்கிய ஈ அசையாமல் கிடக்கும். சில வம்சங்களைச் சேர்ந்த ஈக்கள் மட்டும் மயக்கத்திலும் கால்களை உதறிக்கொண்டே இருந்தன. அமெரிக்காவில் வில்லியம் கேப்ளனும் டிரௌட்டும் 1969-ல் நரம்புக் கோளாறு உள்ள நான்கு மரபுத் திரிபுகளை விவரித்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஷேக்கர்’. இன்னொன்றுக்கு, அந்தக் காலத்து நடன மன்றங்களின் வாடையோடு, ‘ஈதர்-அ-கோ-கோ’. விழித்திருக்கும் ஈ காலை உதறினால் அதில் வியப்பில்லை. நினைவில்லாமல் கிடக்கும் ஈயின் காலை யார் ஆட்டுவது?

யாரும் ஆட்டவில்லை, ஆட்டத்தை நிறுத்தத்தான் ஆளில்லை என்பது 1977-ல் தெரிந்தது. லில்லி ஜான், யூ நுங் ஜான், டென்னிஸ் மூவரும் ஷேக்கர் புழுக்களில் நரம்பு தசையைத் தொடும் இடத்தை ஆராய்ந்தார்கள். நரம்பு ஒருமுறை தூண்டப்பட்டதும் தசைக்குப் போகவேண்டிய வேதிப்பொருள், வழக்கத்தைவிட அதிக நேரம் கொட்டிக்கொண்டே இருந்தது. நரம்பணுவின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் சைகை எழுகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியே போவதால் அது அடங்குகிறது. பொட்டாசியம் போகும் வழி கெட்டால், எழுந்த சைகை உரிய நேரத்தில் அடங்காது. ஆகவே ஷேக்கர் ஈயில் கெட்டுப்போனது ஒரு பொட்டாசியம் கால்வாயாக இருக்கவேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். 1981-ல் சால்காஃப், வைமன் இருவரும் ஈயின் பறக்கும் தசையில் அளந்து, ஒரு குறிப்பிட்ட பொட்டாசிய மின்னோட்டம் மட்டும் ஷேக்கரில் இல்லாமல் போவதைக் காட்டினார்கள். 1987-ல் அந்த மரபணுவே கைக்கு வந்தது. மின்னழுத்தத்தை உணர்ந்து திறக்கும் பொட்டாசியம் கால்வாய்களில் முதன்முதலாக எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டது இதுதான்.

இந்தக் கால்வாயின் நடத்தையில் ஒரு வினோதம் உண்டு. சவ்வின் மின்னழுத்தத்தை உயர்த்தி அப்படியே பிடித்துவைத்தால், கால்வாய் சட்டெனத் திறக்கிறது, பொட்டாசியம் பாய்கிறது. அப்புறம் மில்லிவினாடிகள் சில போனதும், மின்னழுத்தம் இறங்காமலே, ஓட்டம் தானாக நின்றுவிடுகிறது. மின்னழுத்தத்தை இறக்கினாலும் ஓட்டம் நிற்கும். இரண்டிலும் கருவியில் தெரிவது ஒன்றுதான்: ஓட்டம் பூஜ்யம். அப்படியிருக்க முதலாவதை ‘முடக்கம்’ என்றும் இரண்டாவதை ‘மூடல்’ என்றும் பிரித்து இரண்டு பெயர் வைப்பது வெறும் சொல் சிக்கனமின்மை என்று ஒருவர் சொல்லலாம். இல்லை, இவை வெவ்வேறு உறுப்புகள் செய்யும் வெவ்வேறு காரியங்கள் என்பதே என் வாதம். ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது கெடாமல் இயங்குகிறது என்பது அதற்கு ஆதாரம்.

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான் வாங்க முடியாமல் திரும்புகிறீர்கள். ஷட்டர் இறங்கியிருந்திருக்கலாம். அல்லது ஷட்டர் ஏறியிருந்தும், வாசலை ஒரு அரிசி மூட்டை அடைத்துக்கொண்டிருக்கலாம். அந்த மூட்டை நகரும்வரை உள்ளே போக வழியில்லை, ஷட்டரை இறக்கவும் வழியில்லை. அல்லது ஷட்டரும் ஏறி, வாசலும் காலியாக இருந்து, உள்ளே கல்லாவில் ஆளில்லாமல் போயிருக்கலாம். மூன்றிலும் நீங்கள் வெறும் பையோடுதான் திரும்புவீர்கள். ஆனால் கடையை மறுபடி நடத்தச் செய்யவேண்டியது மூன்றிலும் வேறு வேறு. பொட்டாசியம் கால்வாயிலும் இந்த மூன்று தடைகளும் உண்டு, மூன்றும் வெவ்வேறு இடத்தில்.

முதலில் ஷட்டர். ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும் அளவு. ஆனால் அது விழுவது ஏறத்தாழ 4 நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வின் குறுக்கே. சென்டிமீட்டர் கணக்கில் சொன்னால் ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கும் மேல்; காற்று தாங்காமல் பொறி பறக்க முப்பதாயிரமே போதும். இவ்வளவு வலிய புலத்துக்குள் மின்னூட்டம் உள்ள ஒரு பொருளை வைத்தால், மின்னழுத்தம் மாறும்போது அது நகர்ந்தே தீரும். கால்வாய்ப் புரதம் நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் வட்டமாகக் கூடி அமைந்தது. ஒவ்வொரு துண்டும் சவ்வை ஆறு முறை ஊடுருவுகிறது. அந்த ஆறில் நான்காவது சுருளில், மூன்று இடத்துக்கு ஒருமுறை, நேர்மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினினோ லைசினோ வருகிறது. உட்புறம் எதிர்மின்னாக இருக்கும்வரை இந்தச் சுருள் உள்நோக்கி இழுபட்டு நிற்கும். மின்னழுத்தம் ஏறினால் வெளிநோக்கி நகரும். அது நகரும்போது, தன்னோடு இணைந்த ஒரு சிறு குறுக்குச் சுருளின் வழியாக, கால்வாயின் உள்வாயில் நெருங்கிக் குவிந்திருக்கும் ஆறாம் சுருள்களை விலக்குகிறது.

சுருள் நகர்கிறது என்பது எப்படித் தெரியும்? மின்னூட்டம் நகர்ந்தால் அதுவே ஒரு மின்னோட்டம். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் செய்த சோதனைகளை 1952-ல் வெளியிட்டபோது, புரதம் என்ற பேச்சே இல்லாமல், இப்படி ஒரு மின்னோட்டம் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவைத்தார்கள். அயனி ஓட்டத்தை மருந்தால் அடைத்துவிட்டு மிச்சத்தை அளந்தபோது 1973-ல் அது அகப்பட்டது. ‘கதவு மின்னோட்டம்’ என்று அழைக்கலாம். ஷேக்கர் கால்வாயில் அதை எண்ணியபோது, ஒரு கால்வாய் திறக்க 12 முதல் 14 அடிப்படை மின்னூட்டங்கள் புலத்தைக் கடக்கவேண்டும் என்று கணக்கு வந்தது. இதனால்தான் சில மில்லிவோல்ட் வித்தியாசத்தில் கால்வாய் திறக்கும் வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது. 1952-ன் கணக்கில், பொட்டாசிய ஓட்டம் மெல்லத் தயங்கி எழுவதை விளக்க நான்கு ‘துகள்கள்’ ஒன்றுசேர நகரவேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு கழித்துக் கால்வாயில் நான்கு துண்டுகள் இருப்பது தெரிந்தது. இதைத் தீர்க்கதரிசனம் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். அதே கணக்கு சோடியத்துக்கு மூன்று துகள் என்றது, அங்கே பகுதிகளோ நான்கு. கணக்கு நடத்தையைச் சரியாகப் பிடித்தது. உறுப்புகளை எண்ணியதாகச் சொல்வது மிகை.

மேலும், நான்கு சுருள்களும் நகர்ந்த மாத்திரத்தில் ஷட்டர் ஏறிவிடுவதில்லை. ஷேக்கரின் நான்காம் சுருளில் மூன்றே மூன்று அமினோ அமிலங்களை மாற்றியபோது, சுருள்கள் குறைந்த மின்னழுத்தத்திலேயே நகர்ந்துவிட்டன. ஆனால் கால்வாய் திறக்க மிக அதிகமான மின்னழுத்தம் தேவைப்பட்டது. நகர்வது ஒரு படி, நான்கும் சேர்ந்து கடைசியாக உள்வாயைத் திறப்பது தனிப் படி. பெங்களூருக்கு இந்த ஆய்வில் சொந்தப் பங்கு உண்டு. மனிதப் பொட்டாசியம் கால்வாய்களின் மரபணுக்களைப் பிரித்தெடுத்து 1990-ல் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் மணி ராமசாமியும் எம். கே. மேத்யூவும் இருந்தார்கள். பின்னர் பெல்லாரி சாலையில் ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் மேத்யூவின் குழு இதைத் தொடர்ந்தது. கால்வாய் திறப்பதை நுணுக்கமான இரண்டு படி என்று 2009-ல் எழுதியதும் அந்தக் குழுதான். அந்த மையத்தை நிறுவிய ஒபைத் சித்திக்கி, 1976-ல் சீமோர் பென்சரோடு சேர்ந்து, சூடுபட்டால் முடங்கி விழும் பழ ஈக்களின் நரம்புகளை அளந்தவர். ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டு, நரம்பின் எந்த வேலை நிற்கிறது என்று பார்ப்பது அவர்கள் முறை. மூடல் வேறு, முடக்கம் வேறு என்பதற்கு வலுவான ஆதாரங்களும் அதே முறையில்தான் வந்தன.

இனி அரிசி மூட்டை. கணவாய் நரம்பிழைக்குள் புரதத்தை அரிக்கும் நொதியைச் செலுத்தியபோது, சோடியம் கால்வாய்கள் வழக்கம்போலத் திறந்தன, மூடின. முடங்குவதை மட்டும் மறந்துவிட்டன. 1973-ல் ஆர்ம்ஸ்ட்ராங், பெசனில்யா, ரோஹாஸ் மூவரும் செய்த சோதனை இது. முடக்கும் உறுப்பு உட்புறமாகத் தொங்குகிறது, அரிக்கும் நொதிக்கு எட்டுகிறது என்று இதிலிருந்து புரிந்தது. சங்கிலியில் கட்டிய பந்து போல ஏதோ ஒன்று திறந்த வாயில் வந்து அடைக்கிறது என்ற படம் இதன் வழியாகப் பிறந்தது. படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. அந்தச் சோதனைக்குப் பதினேழு ஆண்டு கழித்து, ஷேக்கர் மரபணு கையில் இருந்த ஹோஷி, ஜகோட்டா, ஆல்ட்ரிச் மூவரும், தவளை முட்டையணுவில் அந்தக் கால்வாயை உருவாக்கிச் சோதித்தபோதுதான் நிலைமை மாறியது. 1990-ல் அவர்கள் புரதத்தின் தலைப்புப் பகுதியை நறுக்கினார்கள்: வேகமான முடக்கம் போயிற்று, திறப்பும் மூடலும் இருந்தன. பந்துக்கும் கால்வாய்க்கும் இடையிலான பகுதியைக் குறைத்தார்கள்: முடக்கம் விரைந்தது. நீட்டினார்கள்: தாமதமாயிற்று. கட்டிய கயிறு நீளமானால் பந்து வாயைத் தேடிவர நேரமாகும் என்று படம் முன்கூட்டியே சொன்னது அப்படியே நடந்தது. கடைசியாக, வெட்டியெடுத்த தலைப்பிலுள்ள முதல் 20 அமினோ அமிலங்களைத் தனியே செயற்கையாகச் செய்து, எதிலும் கட்டாமல், சவ்வின் உட்புறக் கரைசலில் போட்டார்கள். முடக்கம் திரும்பி வந்தது.

இதையும் ஒருவர் மறுக்கலாம். ஏதோ ஒரு சிறு புரதத்துண்டு கால்வாயில் எங்கேயோ ஒட்டி, அதன் வடிவத்தைத் தொலைவிலிருந்து மாற்றி, ஷட்டரையே இறக்கியிருக்கலாமே? அப்படியானால் முடக்கமும் ஒருவகை மூடலாகிவிடும், என் வாதம் விழுந்துவிடும். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் 1991-ல் டெமோ, யெல்லன் இருவரிடமிருந்து வந்தது. முடங்கிய கால்வாயின் மின்னழுத்தத்தை மீண்டும் கீழே இறக்கினால், ஷட்டர் இறங்கியிருந்த கால்வாய் சும்மா மூடியே இருக்கவேண்டும். வாசலில் மூட்டை இருந்தாலோ, முதலில் மூட்டை நகரவேண்டும். அப்போது ஒரு கணம் வாசல் திறந்து கிடக்கும். பிறகுதான் ஷட்டர் இறங்கும். தனித்தனிக் கால்வாய்களைப் பதிவு செய்தபோது அந்த ஒரு கணத் திறப்பு தெரிந்தது: மூடும் மின்னழுத்தத்தில் கால்வாய் திறந்து, பொட்டாசியம் ஓடி, பிறகே மூடியது. வெளிப்புறத்தில் பொட்டாசியத்தை அதிகமாக்கினால் பந்து இன்னும் வேகமாக வெளியேறியது. வெளியிலிருந்து நுழையும் அயனிகள் அதைத் தள்ளிவிடுகின்றன என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடியும். பந்து ஷட்டரை இறக்கவில்லை. ஷட்டர் இறங்கவிடாமல் தடுக்கிறது. ஒரு கால்வாயில் நான்கு பந்துகள் இருந்தாலும் அடைக்க ஒன்று போதும் என்று 1993-ல் மக்கினன், ஆல்ட்ரிச், லீ காட்டினார்கள். ‘பந்து’ என்ற பெயர்தான் கொஞ்சம் பிசகு: 2001-ல் கிடைத்த ஆதாரங்களின்படி அது உருண்டையாக வந்து மோதுவதில்லை, இழையாக நீண்டு கால்வாயின் நடுக்குழிக்குள் நுழைகிறது.

பந்தை வெட்டியபிறகும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. மின்னழுத்தத்தை வினாடிக் கணக்கில் பிடித்துவைத்தால், பந்தில்லாத ஷேக்கர் கால்வாயும் மெதுவாக முடங்கியது. இதற்கு விடையாக அமைந்தது, கால்வாயின் மறுமுனையில் இருக்கும் வடிகட்டி. பொட்டாசியத்தைவிடச் சோடியம் அயனி சிறியது, ஆனாலும் இந்தக் கால்வாயில் சோடியம் போகாது. தன்னைச் சூழ்ந்த நீரைக் களைந்துவிட்டு நுழையும் பொட்டாசியத்தை, வடிகட்டியின் சுவரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் நீரைப் போலவே அணைத்துக்கொள்கின்றன. சின்னச் சோடியத்துக்கு அந்த அணைப்பு எட்டுவதில்லை, அதனால் நீரை விட்டுவர அதற்கு லாபமில்லை. மக்கினன் குழு 1998-ல் ஒரு பாக்டீரியக் கால்வாயின் படிகத்தில் இதை நேரில் காட்டியது, 2003-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வடிகட்டியின் அமைப்பு கலைந்தால், ஷட்டர் ஏறியிருந்தும் ஒன்றும் பாயாது. இது கல்லாவில் ஆளில்லாத நிலை.

இரண்டு முடக்கங்களும் வேறு என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு சாதாரண வேதிப்பொருள்: டெட்ராஎத்தில் அமோனியம். அதைச் சவ்வின் உட்புறம் போட்டால், பந்தோடு இடத்துக்குப் போட்டியிட்டு வேகமான முடக்கத்தைத் தாமதப்படுத்துகிறது, மெதுவானதைத் தொடுவதில்லை. வெளிப்புறம் போட்டால் நேர்மாறு: மெதுவான முடக்கம் தாமதமாகிறது. இன்னொரு சான்று ஷேக்கரின் 434-ஆம் இடத்து டிரிப்டோஃபானை ஃபினைல்அலனினாக மாற்றியபோது கிடைத்தது. அந்தக் கால்வாயில் பொட்டாசியமே ஓடவில்லை. ஆனால் கதவு மின்னோட்டம் வழக்கம்போல இருந்தது. சுருள்கள் நகர்கின்றன, ஷட்டர் ஏறுகிறது, இறங்குகிறது, வியாபாரம் மட்டும் இல்லை. அந்தத் திரிபில் வடிகட்டி ஏறக்குறைய நிரந்தரமாக முடங்கிக் கிடக்கிறது என்று 1997-ல் தெரிந்தது. 2022-ல் அதன் உருவமைப்பை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வடிகட்டியின் வெளிப்பாதி அகன்று, அயனிகள் தங்கும் இடங்கள் குலைந்திருந்தன. இங்கே ஒரு முரண் உண்டு. 2010-ல் பாக்டீரியக் கால்வாயில் கண்டது அகலம் இல்லை, குறுக்கம். ஒன்று சரியென்றால் மற்றது தவறாக வேண்டுமா? அப்படி நினைக்கத் தேவையில்லை. வடிகட்டியின் ஆக்சிஜன் வளையங்கள் துல்லியமாக அமைந்தால்தான் பொட்டாசியம் போகும். கெடுவதற்கோ பல வழிகள் உண்டு. பாக்டீரியத்தில் கண்டதை நம் நரம்புக்கு அப்படியே ஏற்றிச்சொல்வதில்தான் தவறு இருக்கிறது.

இத்தனை ஏற்பாடு எதற்கு? மூடியிருக்கும் கால்வாய், மின்னழுத்தம் ஏறினால் உடனே திறக்கும். முடங்கிய கால்வாய் திறக்காது. மின்னழுத்தம் இறங்கி, கொஞ்சம் ஓய்ந்து, தேறிய பிறகே அடுத்த முறைக்குத் தயாராகும். அதாவது சற்று முன்பு நடந்ததைக் கால்வாய் கணக்கில் வைத்துக்கொள்கிறது. நரம்பணு எவ்வளவு இடைவெளியில் சைகை எழுப்பவேண்டும் என்பதை இப்படி முடங்கும் பொட்டாசிய மின்னோட்டம் தீர்மானிப்பதை 1971-ல் கானரும் ஸ்டீவன்ஸும் மெல்லுடலி உயிர்களின் நரம்பணுக்களில் காட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணனும் ராகுல் ரத்தோரும் 2012-ல் மூளையின் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களைக் கணினி மாதிரிகளாகச் செய்து பார்த்தபோது, முடங்கும் கால்வாய்கள் இருந்தால் அணுவின் மறுமொழி உட்கூறுகளின் ஏற்றத்தாழ்வுகளைத் தாங்கி நிலைக்கிறது என்று கண்டார்கள். மூடல் மட்டும் இருந்தால் இந்தப் பலன் வராது.

இந்த வித்தியாசம் உயிர் போகும் விஷயமாவது இதயத்தில். ஈதர்-அ-கோ-கோ மரபணுவுக்கு மனிதரில் உள்ள உறவு மரபணு உண்டாக்கும் கால்வாயை ‘ஹெர்க்’ என்பார்கள். அது மெதுவாகத் திறந்து, மிக வேகமாக முடங்கும். பந்தால் இல்லை, வடிகட்டி வழியாக. இதயத் தசை சுருங்கி நிற்கும் நேரம் முழுக்க அது பெரும்பாலும் முடங்கியே இருக்கிறது, அதனால் பொட்டாசியம் அகாலத்தில் வெளியேறுவதில்லை. மின்னழுத்தம் இறங்கத் தொடங்கியதும் முடக்கம் சட்டெனத் தீர்கிறது, மூடல் மெதுவாகத்தான் வருகிறது. இடையே பொட்டாசியம் வெள்ளமாகப் போய் துடிப்பை முடித்துவைக்கிறது. சில மருந்துகள் இந்தக் கால்வாயின் குழியில் போய் அடைத்துக்கொண்டு, துடிப்பு முடிவதைத் தாமதப்படுத்தி, ஆபத்தான தாளக்கேட்டை உண்டாக்கும். வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கப்பட்ட சிசாபிரைடு அப்படிப்பட்டது. அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000-ல் விலக்கப்பட்ட அதை இந்திய அரசு 2011-ல் தடை செய்தது. இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்றின் காரணம் 2004-ல் சில குடும்பங்களில் கண்டறியப்பட்டது. ஹெர்க்கின் 588-ஆம் இடத்து அஸ்பராஜின் லைசினாக மாறியிருந்தது. கால்வாய் திறந்தது, மூடியது. உரிய நேரத்தில் முடங்கவில்லை. பொட்டாசியம் முந்திக்கொண்டு வெளியேற, துடிப்பு அளவுக்கு மீறிச் சுருங்கி, ஆரோக்கியமாக இருந்தவர்கள் திடீரென்று இறந்தார்கள். ஹெர்க்கை அடைக்கும் மருந்தாகிய சோட்டலால் அவர்களுக்குப் பலிக்கவில்லை, ஏனென்றால் அது நன்றாகப் பற்றுவது முடங்கிய கால்வாயை. முடக்கத்தை அவ்வளவாக நம்பியிராத குயினிடின் பலித்தது.